இருந்த இடத்திலேயே: இத்தாலிக் குறிப்புகள்

ரோம், சான் லூயிஜி தேய் பிரான்ச்செசி தேவாலயம். இடப்பக்க வரிசையில் பலிபீடத்தை ஒட்டிய கடைசிச் சிற்றாலயம். மூன்று சுவர்களில் கரவாஜ்ஜோவின் மூன்று ஓவியங்கள், மூன்றும் புனித மத்தேயுவைப் பற்றியவை. உள்ளே இருட்டு. பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும், சிறிது நேரத்தில் தானே அணையும். விளக்கு எரியும்போது படம் எடுத்துக்கொண்டு பெரும்பாலானோர் போய்விடுகிறார்கள். அணைந்த பிறகும் நின்று பார்க்க வேண்டும். பலிபீடத்துக்கு மேலே ஒரு சன்னல் இருப்பது அப்போதுதான் கண்ணில் படும். இடச்சுவரில் உள்ள ‘மத்தேயுவின் அழைப்பு’ ஓவியத்தில், காசு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் மேல் வெளிச்சம் வலப்புறம் மேலிருந்து சாய்ந்து விழுகிறது. நிஜச் சன்னல் இருப்பதும் அதே திசையில்தான். 1599, 1600 ஆண்டுகளில் இந்தச் சுவருக்கென்றே வரைந்தவர் சன்னலையும் கணக்கில் வைத்து வரைந்திருக்கிறார். இதே ஓவியத்தை வேறொரு சுவரில் மாட்டினால் பாதிதான் மிஞ்சும்.

*

அதே சிற்றாலயத்தின் நடுவில் இப்போது இருக்கும் மத்தேயு, கரவாஜ்ஜோ இரண்டாவது முறை வரைந்தது. முதலில் வரைந்ததை 1602இல் ஏற்க மறுத்துவிட்டார்கள். அதை ஒரு செல்வந்தர் வாங்கினார். பிற்காலத்தில் பெர்லினுக்குப் போய் அருங்காட்சியகத்தில் சேர்ந்தது. 1945இல், போரின் முடிவில், அங்கே அழிந்தது. இன்று அதைக் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில்தான் பார்க்க முடியும். ரோமிலேயே தங்கிய மூன்றும் 400 ஆண்டுகளுக்கு மேலாக அதே சுவர்களில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க நுழைவுக் கட்டணமும் இல்லை.

*

புளோரன்ஸில், ஆர்னோ நதிக்குத் தெற்கே, கார்மினே தேவாலயத்தின் பிரான்காச்சி சிற்றாலயம். மசாச்சியோ இங்கே வரைந்தது 1420களில். முப்பது வயதைக்கூடத் தொடாமல் 1428இல் இறந்துபோனார். பீடத்துக்குப் பின்னால் உள்ள சன்னல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் அவருடைய மனிதர்களுக்கும் வெளிச்சம் வருகிறது. நிழல் எதிர்ப்பக்கம் விழுகிறது. கரவாஜ்ஜோவுக்கு ஏறக்குறைய 175 ஆண்டுகள் முன்பே இந்த யோசனை ஒருவருக்கு வந்துவிட்டது. மிக்கேலாஞ்சலோ இளம் வயதில் இங்கே வந்து இந்தச் சுவர்களைப் பார்த்து வரைந்து பழகினார். ஏதேனிலிருந்து வெளியேற்றப்படும் ஏவாளின் திறந்த வாயைப் பாருங்கள். அவ்வளவு பச்சையான அழுகையை அதற்கு முந்தைய ஐரோப்பிய ஓவியத்தில் நான் கண்டதில்லை.

*

பதுவா, ஸ்க்ரோவேஞி சிற்றாலயம். நேராக உள்ளே போக முடியாது. முதலில் ஒரு கண்ணாடி அறையில் கால் மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். நம் உடம்போடும் உடையோடும் வரும் ஈரமும் தூசியும் சுவரோவியத்துக்குக் கேடு என்பதால் அறையின் காற்றை முதலில் சமப்படுத்துகிறார்கள். அதன் பிறகு சிறு குழுவாக உள்ளே அனுமதி, அதுவும் குறைந்த நேரத்துக்கே. இந்தக் கட்டுப்பாட்டை நான் மனமார ஆதரிக்கிறேன். வந்தவர் எல்லாரையும் எந்நேரமும் உள்ளே விட்டிருந்தால் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

கட்டியவர் என்ரிக்கோ ஸ்க்ரோவேஞி. அவருடைய தந்தை வட்டிக்குப் பணம் கொடுத்துச் சேர்த்தவர். கவிஞர் தாந்தே தன் காவியத்தின் நரகத்தில் வட்டிக்காரர்கள் நடுவே அவரை உட்கார வைத்தார். மகன் கட்டிய இந்தச் சிற்றாலயம் 1305இல் புனிதப்படுத்தப்பட்டது. வாசல் சுவரில் ஜோத்தோ வரைந்த இறுதித் தீர்ப்பில், என்ரிக்கோ மண்டியிட்டுச் சிற்றாலயத்தின் மாதிரி வடிவத்தைக் காணிக்கையாக நீட்டுகிறார். அதே சுவரின் நரகப் பகுதியில் வட்டிக்காரர்கள் தொங்குகிறார்கள். பணம் கொடுத்தவரின் குடும்பக் கறையையும் பரிகாரத்தையும் ஓவியர் ஒரே சுவரில் வைத்திருக்கிறார்.

மூன்று ஞானிகள் குழந்தையை வணங்கும் காட்சியில் மேலே வால்மீன் ஒன்று எரிகிறது. 1301இல் ஹாலி வால்மீன் தெரிந்தது. அதை நேரில் பார்த்த கண்ணால் ஜோத்தோ வரைந்திருக்கலாம். 1986இல் அதே வால்மீனின் அருகே சென்ற ஐரோப்பிய விண்கலத்துக்கு ‘ஜோத்தோ’ என்றே பெயர் வைத்தார்கள்.

*

அங்கிருந்து சில நிமிட நடைதான் எரெமித்தானி தேவாலயம். மாந்தேஞ்யா இளமையில் வரைந்த சுவரோவியங்கள் அங்கே இருந்தன. 1944 மார்ச் 11 அன்று விழுந்த குண்டுகளில் அவற்றில் பெரும்பகுதி சிதறிப்போனது. பொறுக்கி எடுத்த துணுக்குகளைப் பழைய புகைப்படங்களின் உதவியோடு மீண்டும் சுவரில் பொருத்தியிருக்கிறார்கள். பெரும் வெறுமைக்கு நடுவே வண்ணத் தீவுகளாக அவை நிற்கின்றன. பக்கத்திலேயே இருந்த ஜோத்தோவின் சிற்றாலயம் தப்பித்தது. ஒரு பொருள் பிறந்த இடத்திலேயே இருப்பது நல்லது என்று நான் நம்புகிறேன். அதற்குக் கொடுக்க நேரும் விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பதுவா போகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள்.

*

மிலான். லியோனார்டோவின் ‘கடைசி இராவுணவு’ ஒரு துறவு மடத்தின் உணவுக்கூடச் சுவரில் இருக்கிறது. துறவிகள் உட்கார்ந்து சாப்பிட்ட அறையில் கிறிஸ்து சீடர்களோடு உண்ணும் காட்சி. ஈரச்சாந்தில் வரைந்தால் காய்வதற்குள் வேகமாக முடிக்க வேண்டும். லியோனார்டோ நின்று நிதானித்துத் திருத்துகிறவர். அதனால் உலர்ந்த சுவரில் வரைந்தார். 1498 வாக்கில் முடித்தார். வண்ணம் அவருடைய காலத்திலேயே உதிரத் தொடங்கியது. 1652இல் அந்தச் சுவரில் கதவு வைக்க இடித்தபோது கிறிஸ்துவின் பாதங்கள் போயின. 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து கூடத்தின் கூரையும் பக்கச் சுவரும் சரிந்தன. மணல் மூட்டை அடுக்கிக் காத்திருந்த ஓவியச் சுவர் நின்றது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த சீரமைப்பு 1999இல் முடிந்தது. இங்கேயும் பார்க்கக் கால் மணி நேரம்தான். முன்பதிவு இல்லாமல் போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

*

ரவென்னாவின் சான் வித்தாலே தேவாலயம் 547இல் புனிதப்படுத்தப்பட்டது. பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் பரிவாரத்தோடு மொசைக்கில் எதிரெதிராக நிற்கிறார்கள். ஜஸ்டினியன் இந்த ஊருக்கு வந்ததே இல்லை. வராத அரசரின் அதிகாரத்தைப் பொன் துண்டுகள் நிலைநாட்டின. அந்தச் சில்லுகளை ஒரே சமதளமாகப் பதிக்கவில்லை. சற்றே சாய்த்துச் சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். அதனால் நாம் ஓரடி நகர்ந்தால் சுவரும் அசைந்து மின்னுகிறது. புகைப்படத்தில் இது ஒருபோதும் வராது. அருகிலுள்ள கல்லா பிளாசிடியா கல்லறை மண்டபத்தில் சன்னல்களுக்கு மெல்லிய அலபாஸ்டர் பலகைகள். உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. கண் பழகக் காத்திருங்கள். கருநீல விதானத்தில் பொன் விண்மீன்கள் ஒவ்வொன்றாகத் தெளியும்.

*

ரோமின் பாந்தியான் ஏன் பிழைத்தது? 609இல் அது தேவாலயமாக மாறியது. புழக்கத்தில் இருந்ததால் யாரும் அதை இடித்துக் கல் எடுக்கவில்லை. கொலோசியத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் அதன் கற்களை வேறு கட்டடங்களுக்குக் கொண்டுபோனார்கள். பாந்தியான் குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து அதன் உயரமும் ஏறக்குறைய 43 மீட்டர். உள்ளே இரும்புக் கம்பி கிடையாது, வெறும் கான்கிரீட். மேலே போகப்போக எடை குறைந்த எரிமலைக் கல்லைக் கலந்திருக்கிறார்கள். உச்சியில் திறந்த வட்டம். மழை நேராக உள்ளே பெய்யும், தரையிலுள்ள துளைகள் வழியே வடியும். பெந்தெகொஸ்தே ஞாயிறன்று தீயணைப்பு வீரர்கள் மேலேறி அந்த வட்டத்தின் வழியே சிவப்பு ரோஜா இதழ்களைக் கொட்டுகிறார்கள்.

*

அருங்காட்சியகங்களைக் குறைத்துச் சொல்வது என் எண்ணமில்லை. மெடிச்சி வம்சத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா, 1737இல் ஓர் உடன்படிக்கை செய்தார். குடும்பத்தின் கலைச் செல்வம் புளோரன்ஸை விட்டு வெளியே போகக் கூடாது என்பது நிபந்தனை. அங்குள்ள உஃபிட்சி அருங்காட்சியகம் இன்று நிறைந்து கிடப்பதற்கு அந்தப் பெண்மணியின் உறுதி ஒரு முக்கியக் காரணம். மிக்கேலாஞ்சலோவின் தாவீது 1504 முதல் வெயிலிலும் மழையிலும் நின்றது. 1873இல் அதை உள்ளே கொண்டுபோனது சரியான முடிவு. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ பெருகி சாந்தா குரோச்சே தேவாலயத்துக்குள் புகுந்தபோது, சிமாபுவேயின் பெரிய சிலுவை ஓவியம் தன் வண்ணத்தில் பெரும்பகுதியை இழந்தது. இழந்ததை இழந்ததாகவே காட்டும்படி அதைச் சீரமைத்திருக்கிறார்கள். அதன் முன் நிற்காமல் புளோரன்ஸை விட்டுக் கிளம்பாதீர்கள்.

*

நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஒரு சாண் அளவு தந்தச் சிலை இருக்கிறது. ஆபரணங்கள் அணிந்த இந்தியப் பெண்ணுரு. 1938இல் பொம்பெய் வீடொன்றில் கிடைத்தது. முதலில் லட்சுமி என்றார்கள். யட்சி என்று கருதுவோர் இன்று பலர். வெசுவியஸ் எரிமலை வெடித்த கி.பி. 79க்கு முன்பே கடல் கடந்து வந்துவிட்டது. முசிறியில் மிளகு ஏற்றிய கப்பல்கள் ஓடிய காலம் அது. ரோமில் மிளகுக்கென்றே தனிக் கிடங்குகள் இருந்தன. தமிழ் வாசகர் இந்தச் சிலையைத் தேடிப் பார்க்க வேண்டும்.

*

போகிறவர்களுக்குச் சில:

தோளும் முழங்காலும் மறையும் உடை. இல்லாவிட்டால் பல தேவாலயங்களில் வாசலோடு திருப்பிவிடுவார்கள்.

பல தேவாலயங்கள் நண்பகலில் மூடி மாலையில்தான் திறக்கும். காலையிலேயே போய்விடுங்கள்.

உஃபிட்சி உட்பட அரசு அருங்காட்சியகங்கள் பல திங்களன்று விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு அவற்றுக்கு இலவசம், கூட்டமும் அதிகம்.

சிறிய பைனாகுலர் ஒன்றும் சில்லறை நாணயங்களும் கையில் இருக்கட்டும்.

பூசை நடந்தால் பின்வரிசையில் அமைதியாக உட்காருங்கள், அல்லது பிறகு வாருங்கள். அது இன்னும் மக்கள் வழிபடும் இடம்.

ஒரு நாளைக்கு இரண்டு இடங்கள் போதும். பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். மீதியில் ஒவ்வொன்றிலும் அரை மணி நேரமாவது உட்காருங்கள். முதலில் சன்னல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், பிறகு ஓவியத்தைப் பாருங்கள்.