ஒரு தீவு, ஒரே தலைவர்

ஒரு ஸ்விட்ச் கருவிக்கு ஒரு தீவுதான். 2020 மார்ச் 20 அன்று வெளியான ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ கேமின் விதி அது. வீட்டில் எத்தனை பேர் ஆடினாலும் எல்லோரும் அதே தீவில்தான் குடியேற வேண்டும். முதலில் குடியேறியவர் தீவின் பிரதிநிதி. பாலம் கட்ட, கட்டடத்தை இடம் மாற்ற, அடுத்த வீட்டு விலங்கின் குடிசையைப் பெயர்த்து வேறு பக்கம் வைக்க அவருக்கு மட்டுமே அதிகாரம். பின்னால் வருபவர்கள் மீன் பிடிக்கலாம், பூச்சி பிடிக்கலாம், வீடு கட்டிக் கடன் அடைக்கலாம். பாலத்துக்கு வேண்டுமானால் நன்கொடை தரலாம்.

அக்கா வீட்டில் பெரியவள் பிரதிநிதி, சின்னவன் நன்கொடையாளன். “காசு மட்டும் நான் குடுக்கணும், எங்க கட்டணும்னு அவ சொல்லுவாளா மாமா?” என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. சண்டை, தோல்வி, ‘கேம் ஓவர்’ எதுவும் இல்லாத, சாந்தத்துக்குப் பேர்போன ஆட்டத்தில் அக்கா தம்பிக்குள் மேல் கீழ் எப்படி நுழைந்தது? பழைய பாகங்களை ஒவ்வொன்றாகத் தோண்டத் தொடங்கினேன்.

பாதி விடை சீக்கிரமே கிடைத்துவிட்டது. ஜப்பானில் 2012 நவம்பரில் வந்த ‘நியூ லீஃப்’தான் ஆடுபவரை முதன்முதலில் ஊருக்கு மேயர் ஆக்கியது. அங்கேயும் மேயர் ஒருவர்தான். அதற்கு முந்தைய பாகங்களில் டார்டிமர் என்ற ஆமைக் கிழவர் மேயராக உட்கார்ந்திருப்பார். ஆடுபவர்கள் அத்தனை பேரும் சாதாரணக் குடிமக்கள். 2005இல் நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வந்த ‘வைல்ட் வேர்ல்ட்’ இன்னும் ஒரு படி மேல்: நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே வீடு, மாடியில் வரிசையாகக் கட்டில்கள். கூட்டுக் குடும்பம்தான். 2008இன் ‘சிட்டி ஃபோக்’ திரும்பவும் ஆளுக்கொரு வீடு கொடுத்தது.

மீதி விடைக்கு 2001 வரை போக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று ஜப்பானில் மட்டும், நின்டெண்டோ 64 கருவிக்காக ‘டோபுட்சு நோ மோரி’, அதாவது விலங்குகளின் காடு, வெளியானது. அதன் மூளை கட்சுயா எகுச்சி. ‘ஸ்டார் ஃபாக்ஸ்’ என்ற விண்வெளிச் சண்டை ஆட்டத்தை இயக்கியவரும் அவரே. 1986இல் நின்டெண்டோவில் சேரச் சொந்த ஊரான சிபாவை விட்டுக் கியோட்டோ வந்தார். உற்றார் உறவினரையும் நண்பர்களையும் பிரிந்த பிறகுதான் அவர்கள் பக்கத்தில் இருந்ததன் அருமை தெரிந்தது என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். குடும்பஸ்தர் ஆன பிறகு வேறொரு சிக்கல். பகலில் வீட்டில் கேம் ஆடுவார்கள். அவர் வேலை முடிந்து திரும்புவதற்குள் ராத்திரி ஆகிவிடும். ஒரே நேரத்தில் உட்கார முடியாதவர்கள் சேர்ந்து ஆட முடியுமா என்ற யோசனை அங்கே பிறந்தது.

அதற்குத்தான் ஊருக்குள் ஓடும் நிஜக் கடிகாரம். வெளியே ராத்திரி என்றால் ஊரிலும் ராத்திரி. 64டிடி என்ற வட்டு இயந்திரத்துக்காகத் திட்டமிட்ட ஆட்டம் இது. அந்த இயந்திரம் விற்பனையில் படுத்துவிட, சாதாரண கார்ட்ரிட்ஜுக்குள் கடிகாரத்தையே வைத்து விற்றார்கள். ஆரம்பத் திட்டத்தில் இது ஒரு சாகச ஆட்டம் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஆடுபவருக்குச் சொந்த பலம் கிடையாது, விலங்குகளின் துணையை நம்பித்தான் போக வேண்டும். சாகசத்தை வெட்டி எறிந்தார்கள். பலமின்மை மட்டும் தங்கிவிட்டது.

நண்பர் ஒருவரிடம் கேம்கியூப் கருவியையும் 2002இல் அமெரிக்காவில் வெளியான பதிப்பையும் இரவல் வாங்கி ஆடியபோது அந்தப் பலமின்மை நன்றாகவே உறைத்தது. ரயிலில் வந்து இறங்குகிறோம். நான்கு வீடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார் கடைக்காரர் டாம் நூக். விலை 19,800 பெல். கையில் இருப்பதோ 1,000. உடனே சீருடை மாட்டிவிட்டு வேலைக்கு அனுப்புகிறார். ஒரு விலங்கு, தான் இரவல் கொடுத்த பொருளை வாங்கிவரச் சொல்லும். போய்க் கேட்டால், ‘அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டேனே’ என்பார்கள். அங்கே போனால் அவர் மற்றொருவரைக் கைகாட்டுவார். ஊர் சுற்றித் திரும்பினால் கூலியாக ஒரு பழைய சட்டை. சிடுமூஞ்சிகள் நம் முகத்துக்கு நேரே குத்திப் பேசும். பிடித்துப் பழகிய ஒரு விலங்கு நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஊரைக் காலி செய்துவிட்டுப் போகும்; தபால்பெட்டியில் கடிதம்தான் மிஞ்சும். நியூ ஹொரைசன்ஸில் நம் அனுமதி கேட்டுத்தான் கிளம்புவார்கள். போகாதே என்றால் இருந்துவிடுவார்கள்.

ரெசெட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வாசலில் நிற்கும் பொம்மையிடம் சொல்லிச் சேமிக்காமல் கருவியை அணைத்தால், அடுத்த முறை வீட்டு முன்னால் மண்ணைப் பிளந்துகொண்டு வரும் மூஞ்சூறு மாதிரியான ஆசாமி. இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று போகப்போக வசவு நீளும். மன்னிப்பை எழுத்துக் கூட்டித் தட்டச்சு செய்ய வைப்பார். ஒருமுறை எல்லாவற்றையும் அழித்துவிட்டதுபோல் திரையையே இருட்டாக்கிப் பயம் காட்டுவார். எங்கள் தெருவில் கரண்ட் போனதற்கு நான் என்ன செய்வேன்? அதெல்லாம் அவரிடம் செல்லாது. நியூ லீஃபில் மேயர் பணம் திரட்டிக் கட்டினால்தான் அவருக்கு அலுவலகமே உண்டு. நியூ ஹொரைசன்ஸில் ஆட்டம் தானாகவே சேமித்துக்கொள்வதால் திட்டும் வேலை பறிபோய், எங்காவது மாட்டிக்கொண்டவர்களை மீட்கும் தொலைபேசிச் சேவைக்குப் போய்விட்டார்.

சின்னவன் கேள்விக்கு விடை இந்த வசவுகளுக்குள்தான் இருந்தது என்று நினைக்கிறேன். பழைய கிராமத்தில் யாராலும் எதையும் பெரிதாக மாற்ற முடியாது. ஆறு ஓடும் இடத்தில்தான் ஓடும், பக்கத்து வீடு இருக்கும் இடத்தில்தான் இருக்கும். நான்கு பேருக்கும் சம உரிமை கொடுப்பதில் ஒரு ஆபத்தும் இல்லை, ஏனென்றால் நான்கு பேரிடமும் உரிமை என்று ஒன்றுமே இல்லை. ஊரையே கலைத்து அடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்த பிறகு கதை வேறு. அக்கா கட்டிய பாலத்தைத் தம்பி இடித்தால் யார் பஞ்சாயத்து பண்ணுவது? அதனால் ஒருவரைத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். ஒரே திரையில் சேர்ந்து ஆடும் வசதியிலும் ஒருவர் முன்னே போக, மற்றவர்கள் பின்தொடர வேண்டும். பின்தொடர்பவர் பொறுக்கும் பொருள் அவர் பைக்குப் போகாது; அலுவலகப் பெட்டியில் போய்ச் சேரும்.

இதை வீழ்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன். ஊரடங்கில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு ஒரு தீவைத் தன் மனம்போல் இழைத்து இழைத்துக் கட்டுவதும், நண்பர்களை இணையம் வழியே அழைத்துக் காட்டுவதும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை 4 கோடியைத் தாண்டிய விற்பனை சொல்லும். அழகில் பழைய பாகங்கள் எதுவும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் அது தோட்டம் போடுபவருக்கான ஆட்டம். எகுச்சி செய்ய நினைத்தது குடியிருப்பவருக்கான ஆட்டம்.

எனவே தனியாக ஆடுபவர் என்றால் தயங்காமல் நியூ ஹொரைசன்ஸ் வாங்கலாம். ஒரே கருவிக்கு அக்கா தம்பி இரண்டு பேர் என்றால் எங்காவது கேம்கியூப் கிடைக்கிறதா பாருங்கள். கூடவே ஒரு யூபிஎஸ்ஸும்.