கொழுந்து மலைகளினூடே ஒரு நாள் நடை

பல நாட் பயணத்தைக் கால்நடையாகவே செய்து முடித்தல் நம்மவர்க்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமம்வரை நடந்து செல்லும் அடியார் கூட்டத்தை நாமறிவோம். மலையும் வனமும் காண்பதற்கென்றே முதுகிற் பை சுமந்து நடப்போரும் இன்று உலகெங்கும் பெருகியுள்ளனர். அத்தகையோர்க்கென இலங்கையில் அமைந்த வழியே ‘பீக்கோ பாதை’. கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானையில் தொடங்கி, மலைநாட்டை வளைந்து சுற்றி, நுவரெலியாவில் முடியும் இவ்வழி 300 கிலோமீற்றருக்கு மேல் நீண்டது. 22 கட்டங்களாக வகுக்கப்பெற்றது. இளங்கொழுந்தின் மேற் படர்ந்த வெண்ணிற மென்மயிரைச் சுட்டும் சீனச் சொல்லொன்றின் திரிபே பீக்கோ என்பது.

இதில் பூண்டுலோயாவிலிருந்து வட்டகொடைக்கு வரும் பகுதியை நாம் ஒரு நாளில் நடந்து கடந்தோம். விடியலிற் புறப்பட்டபோது பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பனிமூட்டம் விலக விலக, பச்சைக் கம்பளம் விரித்தாற்போல மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. பெரட்டுக்களத்திலிருந்து பெண்கள், இடுப்பிற் படங்கும் முதுகிற் கூடையுமாக மலையேறிக்கொண்டிருந்தனர். ஈரப் புல்லில் அட்டைகள் காத்திருந்தன; காலுறையில் தடவிய சவர்க்காரமே நமக்குக் கவசமாயிற்று.

நண்பகலில் ஒரு லயத்தின் வாயிலில் மூதாட்டி ஒருவர் நம்மை மறித்து, “வாங்க ஐயா, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க,” என்றார். நாம் நடந்தே வட்டகொடை செல்வதைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்புப் பொங்கியது. “பஸ்ஸு வேணும்னு நாங்க எத்தனை வருசம் கேட்டோம்! நீங்க பஸ்ஸை விட்டுட்டு நடக்கிறீங்களே!”

அச்சொல் நம்மை வழிநெடுகச் சிந்திக்க வைத்தது. இப்பாதை இன்பநடைக்கென வெட்டப்பட்டதன்று. கோப்பியும் பின்னர் தேயிலையும் வளர்ந்த காலத்தில், தொழிலாளர் கால் பட்டுத் தேய்ந்த தோட்டப் பாதைகளையே இது பெரிதும் பின்பற்றிச் செல்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரையும் இவ்வழியிலேயே உள்ளது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை மலைகளையெல்லாம் ஆட்கொண்டது.

அம்மலைகளுக்கு உழைக்க வந்தோரின் நடையோ பெருந்துயர் நடை. தமிழகத்திலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசிக்கும் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையாகி வழியிலேயே மாண்டோர் பலர். அந்நடையை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட ஒரு குழுவினர், ஆகஸ்ட் மாதத்தில் மாத்தளையை அடைந்தனர்.

வட்டகொடைக்கு வருவோர் மடக்கும்புறத் தோட்டத்தின் பெயரையும் அறிந்திருத்தல் வேண்டும். கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் அங்கே பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றஞ் சென்றவர். அடுத்த ஆண்டிலேயே, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர் மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சி நின்றோர்க்கு வழி பிறக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது. நடந்து வந்து காடு திருத்திய மக்கள், தாம் நின்ற மண்ணைத் தமதென்று சொல்லக் காத்திருந்த காலம் இத்துணை நெடிது.

மாலையில், கடல் மட்டத்துக்கு மேல் 4,000 அடியையும் தாண்டிய உயரத்திலுள்ள வட்டகொடைப் புகையிரத நிலையத்தை அடைந்து பையை இறக்கினோம். நம் பையிலிருந்தவை மாற்றுடையும் ரொட்டியும் தண்ணீருமே; அவையும் நாமே விரும்பி ஏற்ற சுமை. கூடை சுமப்போர்க்கு அத்தகைய விருப்பம் வாய்த்ததில்லை.

மாணவ நண்பர்கள் விடுமுறையில் இம்மலைகளை அவசியம் நடந்து காணல் வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவுக்கு அஞ்சுக; வழியறிந்தவரைத் துணைக்கொள்க; கொழுந்து பறிப்போரைப் படமெடுக்குமுன் அவர்தம் இசைவைக் கேட்டு, ஒரு வார்த்தை பேசுக. காட்சியை மட்டும் கண்டு திரும்புவோர் மலையிற் பாதியையே கண்டவராவர். பாதையை அமைத்தவர் யாரென்று அறிந்து நடப்போரே முழுமையும் கண்டவராவர்.