விருத்தாசலத்தில் ஒரு சரளைச் சவாரி

ஃபிரான்ஸ் தேசத்தில் ஒரு கூத்து நடக்கிறது. வழவழவென்று நல்ல ரோடு இருக்க, அதை விட்டுவிட்டு மண்ணும் ஜல்லியும் கிடக்கிற கிராமத்துப் பாதையாகத் தேடிப்பிடித்து சைக்கிள் விடுகிறார்கள். இதற்குப் பெயர் கிராவல் பைக்கிங். கிராவல் என்றால் பயந்துவிடாதீர்கள், நம்ம ஊர் சரளைக்கல்தான். இதற்கென்றே தனி சைக்கிள் உண்டு. ரேஸ் சைக்கிள் போல வளைந்த ஹேண்டில்பார், டயர் மட்டும் நாலு சென்டிமீட்டர் அகலம். விலையைக் கேட்டால் பேசாமல் மோட்டார் பைக்கே வாங்கிவிடலாம் என்று தோன்றும். 2022-ல் இத்தாலியில் இதற்கு முதல் உலக சாம்பியன்ஷிப்பே நடத்திவிட்டார்கள்!

அங்கே ரயில் நின்றுபோன பழைய பாதைகளையும் கால்வாய்க் கரைகளையும் செப்பனிட்டு, 'பச்சை வழி' என்று பெயர் வைத்து, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டிருக்கிறார்கள். லாரி கிடையாது, ஹாரன் கிடையாது.

இதற்கெல்லாம் விசா எடுக்க வேண்டுமா என்ன? எழும்பூரில் ரயில் ஏறினால் போதும், விருத்தாசலம்!

விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நாலு பக்கமும் தண்டவாளம் பிரிகிற ஜங்ஷன் இது. சிறுகதை மன்னர் புதுமைப்பித்தனின் சொந்தப் பெயரும் விருத்தாசலம்தான். 'காசியைவிட வீசம் அதிகம் விருத்தகாசி' என்பார்கள். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. பக்தியில் இத்தனை துல்லியமாகக் கணக்குச் சொன்ன ஊரை பி.காம். படித்த எனக்குப் பிடிக்காமல் போகுமா?

அது மட்டுமா? இங்கே பழமலைநாதர் கொடுத்த பன்னிரண்டாயிரம் பொன்னை சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது புராணம். உலகத்தின் முதல் டிமாண்ட் டிராஃப்ட்! கமிஷன்கூடப் பிடிக்கவில்லை.

நண்பர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடந்த சைக்கிளைத் தூசி தட்டி, காற்றடித்து, மாசி மாதத்து விடியற்காலையில் கிளம்பினேன். கேரியர், ஸ்டாண்டு, மணி எல்லாம் உண்டு. வளைந்த ஹேண்டில்பாரும் உண்டு. எப்போதோ எதிலோ மோதி வளைந்தது.

முதலில் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம். பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுக் கல்வி நிறுவனம் உள்ள ஊர் இது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே களிமண் அடுக்குகள் இருக்கின்றன. அந்த மண்தான் இங்கே மூலதனம். அரைத்து, கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால் அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும், மண் ஓரத்தில் தோலாகப் படியும். அப்புறம் காய்ச்சல், சூளை, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு. உங்கள் வீட்டு ஃபியூஸ் கட்டை, கொலுவில் நிற்கிற பொம்மை, கார்த்திகை அகல் இவற்றில் ஏதோ ஒன்று இந்த ஊர்க்காரராக இருக்கலாம். சைக்கிள்காரர்கள் மட்டும் ஜாக்கிரதை. உடைந்த பீங்கான் சில்லு டயருக்கு ஆகாது.

அடுத்து மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர். இந்த முருகனிடம் குறையை வாயால் சொன்னால் மட்டும் போதாது. பிராதாக எழுதிக் கட்ட வேண்டும். பொருள் களவு போனதிலிருந்து பங்காளிச் சண்டை வரை எல்லாம் காகிதத்தில் வருகிறது. காரியம் முடிந்ததும் திரும்பி வந்து பிராதை வாபஸ் வாங்குகிறார்கள். கோர்ட்டில் வாய்தா கேட்டுக் கேட்டு அலுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பிறகு நெய்வேலி, பண்ருட்டித் திசையில் திரும்பி, மெயின் ரோட்டிலிருந்து கிளை பிரிகிற செம்மண் பாதை ஒன்றில் நுழைந்தேன். ஐந்தே நிமிடத்தில் லாரிச் சத்தம் அறுந்துபோனது. இரண்டு பக்கமும் முந்திரி, பூத்து லேசான வாசனையோடு நின்றது. டயருக்கு அடியில் சரளை நறநறவென்று அரைபடுகிற சத்தம் மட்டும்தான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்த மாவட்டத்தில் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. ஒரே இரவில் தலைமுறைச் சொத்து போயிற்று. அதற்கப்புறம் வைத்த மரங்கள் இப்போதுதான் ஆளாகி நிற்கின்றன. அதனால் நிழல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.

ஒரு தோப்பில் கொட்டை பொறுக்கத் தோதாகச் சருகு கூட்டிக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு வூட்டுக்குப்பா?"

"யாரு வீட்டுக்கும் இல்ல ஆயா. சும்மா சைக்கிள் விட்டுக்கிட்டு..."

"தார் ரோடு அந்தாண்ட இருக்குதே, இதுல ஏன் வந்து சீரழியற?"

"தார் ரோடு வேணாம்னுதான் ஆயா இங்க வந்தேன்."

ஆயா துடைப்பத்தைக் கீழே போட்டார். "நல்லாருக்குது போ! எங்களுக்கு ஒரு ரோடு போடுங்கன்னு எத்தினி மனு குடுத்துட்டோம் தெரியுமா? மழ பேஞ்சா இந்த மண்ணு செருப்ப வுடாது. கார்த்திகையில எம் பேத்திக்கு வலி கண்டப்ப ஆம்புலன்சு மெயின் ரோட்டுலயே நின்னுபோச்சு. கட்டில்ல வச்சுத்தான் தூக்கினு போனாங்க. நீ என்னடான்னா இதத் தேடிகினு வர்ற!"

"குழந்தை?"

"ஆம்பளப் புள்ள. நல்லாருக்கான்."

அப்போதுதான் பின்னாலிருந்து மணிச் சத்தம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தருகிற சைக்கிளில் பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர், நான் தடுமாறிய அதே சரளையில், புத்தகப் பையோடு பறந்து போனார்கள். அவர்களுக்கு இது சவாரி இல்லை, தினப்படி பாடு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்களே, அவர்களும் உல்லாசத்துக்கு மிதிக்கவில்லை. தண்ணீர் கொண்டுவரவும் வேலைக்குப் போகவும் மிதித்தார்கள். உல்லாசமும் கூட வந்தது, அது போனஸ்!

ஆக, பட்டணத்துக்காரனுக்கு அமைதியாகத் தெரிகிற பாதை, அங்கே இருப்பவர்களுக்கு பஸ் வராத பாதை. ஒரே லெட்ஜரில் நமக்கு வரவு, அவர்களுக்குச் செலவு. இந்தக் கணக்கைப் பார்க்காமல், 'ஐயோ, கிராமத்தைத் தார் போட்டுக் கெடுக்காதீர்கள்' என்று உருகுவது நியாயமில்லை. மண்ணைச் சுட்டு வேறொன்றாக்கிப் பிழைக்கிற ஊரில் போய், மண் மண்ணாகவே இருக்கட்டும் என்று சொல்ல முடியுமா?

அப்படியானால் சரளைச் சவாரிக்கு வழியே இல்லையா? உண்டு. ஃபிரான்ஸ்காரரின் பச்சை வழிகள் பலவற்றில் தாரும் உண்டு. அமைதியாக இருப்பதற்குக் காரணம் மண் அல்ல, மோட்டார் வண்டியை உள்ளே விடாததுதான். நமக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. கிராமத்து நில ஆவணங்களைப் புரட்டினால் 'வண்டிப்பாதை' என்று தனியாகவே எழுதியிருக்கும். மாட்டு வண்டி போவதற்காக விட்ட பொது வழி. மாடு போய் டிராக்டர் வந்தது. பாதையின் ஓரத்தை ஒருவர் உழுதார், இன்னொருவர் முள்வேலி போட்டார், பத்தடி நாலடியாக இளைத்து வரப்பாகிவிட்டது. இதைத் தார் விழுங்கவில்லை ஸார், வேலி விழுங்கியது.

ஊருக்குப் போகிற ரோடு தார் ரோடாக வேண்டும். தோப்புக்கும் ஏரிக்கும் போகிற வண்டிப்பாதை அளந்து, கல் நட்டு, மரம் வைத்து அப்படியே இருக்க வேண்டும். இரண்டுக்கும் சண்டையே இல்லை. கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதுவதானால் இரண்டு தாளாக எழுதலாம். ஆனால் ஆயாவின் தாள்தான் முதலில் போக வேண்டும்.

கிளம்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மார்கழியிலிருந்து மாசி வரை உத்தமம். மாசி மகத்துக்கு ஊர் நிரம்பி வழியும், சைக்கிளை உருட்டக்கூட இடமிருக்காது. கோடையில் வெயில் உங்களையே பீங்கானாக்கிவிடும். பஞ்சர் சாமானும் இரண்டு பாட்டில் தண்ணீரும் அவசியம். முந்திரிக்கொட்டையைப் பறித்துப் பல்லால் கடித்து வீரம் காட்ட வேண்டாம். தோட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் உதடு வெந்துபோகும், தோப்புக்காரர் பார்த்தால் முதுகும்.

வழி தெரியாவிட்டால் சருகு கூட்டுகிறவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். நீங்களும் பதிலுக்கு ஒன்று கேட்டு வாருங்கள்: "ரோடு போட்டாச்சா ஆயா?"