ஒன்பது குச்சி, ஒரு ஸ்டாப்வாட்ச்!

சட்டைப் பட்டன் போட எத்தனை செகண்ட் ஆகும்னு என்னைக்காவது கணக்குப் பார்த்திருக்கீங்களா? மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் வந்தவங்களைக் கேளுங்க, சொல்வாங்க. மூளையிலயும் தண்டுவடத்துலயும் ஓடுற நரம்புகளுக்கு, கரன்ட் ஒயருக்கு இருக்கிற மாதிரியே மயலின்னு ஒரு உறை உண்டு. உடம்போட எதிர்ப்பு சக்தியே அந்த உறையை அரிச்சுடுறதுதான் இந்த நோய். சிக்னல் லேட்டாகும், சில சமயம் போய்ச் சேரவே சேராது. ஈ.சி.இ. மக்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணுமா என்ன!

1983-ல் அமெரிக்க டாக்டர் கர்ட்ஸ்கி வெளியிட்ட ஈ.டி.எஸ்.எஸ். அளவுகோல்தான் இந்த நோய்க்கு மார்க் ஷீட். 0 முதல் 10 வரை போகும். அதுல 4-லிருந்து 7.5 வரைக்கும் முக்கியமா நடையை வெச்சுத்தான் மார்க். சரி, வீல்சேருக்கு வந்துட்டா? சாப்பிடுறது, சக்கரத்தைத் தள்ளுறது... எல்லாம் கைதானே!

கைக்கான பரீட்சை ரொம்ப சிம்பிள். ஒரு பலகை, ஒன்பது ஓட்டை, ஒன்பது குச்சி. ஒவ்வொண்ணா சொருகி, ஒவ்வொண்ணா திரும்ப எடுக்கணும். ரெண்டு கைக்கும் ரெண்டு தடவை. நமக்கெல்லாம் சுமார் 20 செகண்ட் ஆகும். ஒருத்தரோட நேரம் 20 சதவிகிதம் மாறினாதான் நிஜமான மாற்றம்னு பொதுவா ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கிறாங்க.

எங்க தெரு அக்கா ஒருத்தருக்கு இந்த நோய். அவங்களோட பிசியோதெரபிஸ்ட் மேடம் அளவு கொடுக்க, காலேஜ் ஒர்க்‌ஷாப்ல ஒரு பலகை செஞ்சு டைமரும் வெச்சேன். அக்காவுக்கு வலது கையில 41 செகண்ட். அப்புறம் மூணு மாசம் பயிற்சி. டம்ளரை எடுத்து வைக்கிறது, கொடியில கிளிப் போடுறதுன்னு வீட்டு வேலையேதான். நடுநடுவே கண்டிப்பா ஓய்வு. ஏன்னா, இந்த நோய்ல களைப்புதான் பெரிய வில்லன்; வெயில்ல இன்னும் மோசம். மறுபடி அளந்தா... 38! வெறும் 7 சதவிகிதம்.

நான் உம்முன்னு உட்கார்ந்திருக்க, அக்கா சிரிச்சாங்க. "உன் மெஷின் கிடக்குது போ தம்பி. இப்பல்லாம் பாப்பாவுக்கு ரெட்டை ஜடை நான்தான் போட்டு விடுறேன்!"

மேடம்கிட்ட கேட்டேன். "ரெண்டுமே உண்மைதாம்பா. பயிற்சியால அரிச்ச உறை திரும்பி வராது. ஆனா, இருக்கிற சிக்னலை வெச்சு வேலையை முடிக்கக் கை பழகிக்கும். அதனாலதான் குச்சியோட நிறுத்தாம, 'தினசரி வேலைகள்ல எது முடியுது, எது முடியலை'ன்னு அவங்ககிட்டயே 31 கேள்வி கேட்கிற படிவமும் இருக்கு" என்றார்.

ப்ராஜெக்ட் டாபிக் தேடி அலையுற ஃபைனல் இயர் மக்களே... ரெட்டை ஜடையை எந்த சென்சார்ல அளப்பீங்க? யோசிங்க!