மிதி மெஷின்

உம்மா விட்டுப்போன சிங்கர் மெஷினில்தான் நான் பேர்ஸ் தைக்கிறேன். காலால் மிதிக்கும் ரகம். கடுகண்ணாவைக் கணவாயில் லொறிகள் மூச்சுவாங்கி ஏறும் சத்தத்தை அது அமுக்கிவிடும். தையல்காரரிடம் மிஞ்சும் துண்டுத் துணி, உள்ளுக்குக் கொஞ்சம் கன்வஸ், ஒரு சிப். ஓரம் மூட்டும்போது சிப்பைப் பாதி திறந்து வைக்க வேண்டும். மறந்தால் பேர்ஸை நல்ல பக்கம் திருப்ப வழியில்லை. நான் மறந்திருக்கிறேன், பலமுறை.

2019 ஏப்ரல் குண்டுகளுக்குப் பிறகு, வழக்கமாக எடுக்கும் கடைக்காரர் "கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். 42 பேர்ஸ் அலுமாரியில் கிடந்தன. பஸ்ஸில் என் பக்கத்துச் சீட் காலியாகவே வந்தது.

ஒரு மாலை, பக்கத்து வீட்டு நோனா வாசலில் நின்றார். மகளுக்குப் பிள்ளை கிடைக்கப் போகிறதாம். தொப்பி, கையுறை, சின்ன மெத்தை எல்லாம் வேண்டுமாம். கடையில் வாங்கலாமே என்றேன், சற்று முறுக்காகத்தான். "நீ தைத்தால் மடிப்புக் குத்தாது" என்றார் சிங்களத்தில். பிறந்த பிள்ளையின் உடுப்புக்கு மடிப்பை வெளிப்பக்கம் விட்டுத் தைப்பது உம்மாவின் பழக்கம். அவர் அதைக் கவனித்திருக்கிறார்.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மோட்டர் மெஷின்கள் எல்லாம் நின்றன. அந்தப் பிள்ளைக்குப் பாலர் பாடசாலைப் பையை மெழுகுதிரி வெளிச்சத்தில் மிதித்தே முடித்தேன். ஊசியில் நூல் கோர்க்கத்தான் மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது.