மூக்கடைப்பும் சட்டைப்பையில் இருக்கும் சொட்டு மருந்தும்

இன்றைக்கு மூக்கைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். வருஷக்கணக்கில் மூக்கடைப்போடு இருப்பவர்கள் நம் கூட்டத்திலேயே பத்துப் பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். "எனக்குச் சளி உடம்பு டீச்சர்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வார்கள்.

முதலில் கொஞ்சம் பாடம். மூக்கின் இரண்டு பக்கமும் உள்ளே மும்மூன்று மடிப்புகள் இருக்கின்றன. டர்பினேட் என்பார்கள். ரத்தக்குழாய் நிறைந்த சதை. போகிற காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது அதன் வேலை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் வீங்கும், மறுபக்கம் சுருங்கும். அதனால் அடைப்பு லேசாகப் பக்கம் மாறிக்கொண்டே இருந்தால் அது இயற்கை. ஆனால் இரண்டு பக்கமும் மாதக்கணக்கில் வீங்கியே இருந்தால்தான் தொல்லை. பல பேருக்கு அடைத்திருப்பது சளியே இல்லை, இந்த வீங்கிய சதைதான். எவ்வளவு சிந்தினாலும் ஒன்றும் வராமல் இருப்பது அதனால்தான்.

வீக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஒவ்வாமை. தலையணையிலும் மெத்தையிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி, கரப்பான், பூஞ்சை, வளர்ப்புப் பிராணியின் ரோமம். ஊதுபத்தி, கொசுவர்த்திப் புகை அதை இன்னும் கிளப்பிவிடும். (எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி விஷயத்தில் வீட்டுக்காரருக்கும் எனக்கும் இன்னும் சமரசம் ஆகவில்லை.) நடுத்தண்டு வளைந்திருக்கலாம், உள்ளே பாலிப் என்கிற சதை வளர்ந்திருக்கலாம், சைனஸில் நாள்பட்ட அழற்சி இருக்கலாம். கர்ப்ப காலத்திலும் வரும். சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் வரும்.

இன்னொரு காரணம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. என்னிடம் படித்த ஒரு பையன், இப்போது லாரி ஓட்டுகிறான், நாமக்கல்லில் இருந்து வடக்கே போகிற வண்டி. குரல் செய்தி அனுப்பியிருந்தான்: "டீச்சர், சொட்டு மருந்து இல்லாம வண்டி எடுக்க முடியல. ராத்திரிக்கு மூணு தடவ விடறேன். போன வாரம் கிருஷ்ணகிரி தாண்டி கண்ணு அசந்துடுச்சு. கிளீனர் தட்டி எழுப்பினான்." எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஒரு வருஷமாக விடுகிறானாம்.

ஸைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் என்று பெட்டியில் போட்டிருக்கும் அந்தச் சொட்டு மருந்து, ரத்தக்குழாயைச் சுருக்கி இரண்டே நிமிஷத்தில் மூக்கைத் திறக்கும். ஜலதோஷத்துக்கு நல்ல மருந்து. ஐந்து நாள், மிஞ்சினால் ஒரு வாரம். அதற்கு மேல் போனால், மருந்தின் வேகம் இறங்கியதும் சதை முன்னைவிட அதிகமாக வீங்கும். மறுபடி விடுவோம். மறுபடி வீங்கும். கடைசியில் அடைப்புக்குக் காரணமே மருந்துதான். கடையில் கேட்டதும் கொடுத்துவிடுகிறார்கள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

ஒரு தனியார் மருத்துவமனையில் இவனிடம் எடுத்த எடுப்பிலேயே "தண்டு வளைவு, ஆபரேஷன்" என்று சொல்லியிருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். வளைவு இருப்பது உண்மைதான், ஆனால் லேசாக என்றாராம் அவர். லேசான வளைவு பெரும்பாலான மனிதர்களுக்கு உண்டு. வளைவை நிமிர்த்தினால் ஒவ்வாமை போய்விடாது. முதலில் ஒரு மூக்குத் துவாரத்துக்கு மட்டும் சொட்டை நிறுத்தச் சொல்லி, ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் நான்கு ராத்திரி நரகம் என்றான். அந்த வாரம் வண்டி எடுக்கவில்லை. இரண்டாம் வாரம் அந்தப் பக்கம் திறந்துகொண்டது, பிறகு மறுபக்கத்துக்கும் நிறுத்தினான்.

ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறீர்கள். புளூட்டிகசோன், மொமெட்டசோன் மாதிரி ஸ்பிரேக்கள் மூக்கிலேயே வேலை செய்பவை, உடம்பில் சேர்வது மிகக் குறைவு. ஆனால் உடனே திறக்காது, இரண்டு வாரம்கூட ஆகலாம். இரண்டு நாள் அடித்துவிட்டு "இது சரியில்லை" என்று தூக்கிப் போடாதீர்கள். அடிக்கும்போது தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில், நடுத்தண்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்த்து அடிக்க வேண்டும். தண்டில் பட்டால் ரத்தம் கசியும். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் அதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவது நல்லது. ஆனால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ கூடவே கூடாது. கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தியில் படித்தீர்களே, அது உள்ளே போகும் வழி மூக்குதான். தைலம் தடவினால் திறந்த மாதிரி இருக்கும். உண்மையில் மென்தால் குளிர்ச்சி உணர்வைத்தான் தூண்டுகிறது, வழி அகலமாவதில்லை. ஆவி பிடிப்பது இதமாக இருக்கும், சரி. குழந்தைகளுக்குக் கொதிநீர்ப் பாத்திரத்தை வைத்து ஆவி காட்டாதீர்கள், வெந்துபோகும்.

அடைப்பு எப்போதும் ஒரே பக்கம், கூடவே ரத்தம் வருகிறது என்றால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால் உள்ளே புளியங்கொட்டையோ மணியோ இருக்கும். பட்டன் பேட்டரி போட்டுக்கொண்டது என்றால் அந்த நிமிஷமே ஓடுங்கள்.

ஆசிரியராக இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. வாய் திறந்தபடியே உட்கார்ந்திருக்கும், கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் திரும்பும், வகுப்பில் தூங்கி வழியும் குழந்தையை மந்தம் என்று எழுதிவிடாதீர்கள். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வீங்கியிருந்தால் ராத்திரி குறட்டையும் தூக்கக் கேடும் வரும், காதில் நீர் கோத்துக் கேட்பதும் குறையும். டார்ச் அடித்து வாய் வழியாகப் பார்த்தால் அது தெரியாது, எக்ஸ்ரேயோ எண்டாஸ்கோப்பியோ வேண்டும். சில குழந்தைகளுக்கு ஸ்பிரே போதும், சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும்.

என் நாத்தனார் பேரனுக்கு ஆறு வயது. இதே குறிகள். பள்ளியில் "கவனம் இல்லை" என்று டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். திங்கட்கிழமை மருத்துவரிடம் கூட்டிப் போகிறோம். என்ன சொன்னார் என்று கீழே கருத்துப் பகுதியில் எழுதுகிறேன்.