மாசி மகத்துப் படகும் மூன்றடிக் குழாயும்

 

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. போன வருஷம் மாசி மகத்தன்னிக்குக் கடல்ல படகு ஏன் நின்னுச்சுன்னு நான் சொல்லியாகணும். ஒரு வருஷமா சொல்லாம இருந்ததே தப்பு.

அன்னிக்கு வந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். தெப்பத்தில் அம்மன், முன்னால தெப்பத்தை இழுத்துப் போற நம்ம பழைய படகு. கரையிலிருந்து ஒரு 200 மீட்டர் போயிருக்கும். என்ஜின் இருமி இருமி நின்னுபோச்சு. மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வர்ற நாள், நீரோட்டம் வேகமா இருக்கும். தெப்பம் பக்கவாட்டில் திரும்ப ஆரம்பிச்சது. கரையில நின்ன பெண்கள் அழுதே விட்டார்கள். பக்கத்துக் கம்போங் மீனவர்கள் இரண்டு பேர் தங்கள் படகைக் கொண்டு வந்து கயிறு போட்டு இழுத்ததால்தான் அம்மன் கரை சேர்ந்தாள்.

அப்புறம் பேச்சு கிளம்பியது. பூஜையில் குறை என்றார்கள் சிலர். அம்மனுக்கு இந்த வருஷம் மனசில்லை என்றார்கள். ஆனா நிறைய பேர் வாயில் வந்தது ஒண்ணுதான்: படகோட்டுற தாத்தாவுக்கு வயசாயிடுச்சு, கைய விட்டுட்டாரு. முப்பது வருஷமா ஒரு காசு வாங்காம அம்மனைக் கடலுக்குக் கூட்டிப்போன மனுஷர். அந்தப் பேச்சு காதில் விழுந்த நாள்லேர்ந்து கோயில் பக்கமே வரல.

கமிட்டியில் புது என்ஜின் வாங்கலாம்னு யோசனை வந்தது. அப்படின்னா கும்பாபிஷேகத்துக்குச் சேர்த்த பணத்தில் கை வைக்கணும். "ஐயா, முதல்ல ஏன் நின்னுச்சுன்னு பார்ப்போமே"ன்னு நான்தான் சொன்னேன். சொன்னவன் தலையிலேயே வேலை விழும், அது எல்லாக் கோயிலிலும் உள்ள வழக்கம்.

நம்ம படகில் இருப்பது ஜான்சன் 25 குதிரைசக்தி டூ-ஸ்ட்ரோக் என்ஜின். சித்தியவானில் முதல் கடைக்குப் போனேன். தவுக்கே படத்தைப் பார்த்துட்டுச் சிரிச்சாரு. "இது பழசு லா, யமஹா மாத்து." இரண்டாவது கடையிலும் அதே பதில். அவங்களைக் குறை சொல்ல முடியாது. நம்ம கரையோரத்தில் மீனவர்கள் எல்லாரும் யமஹாதான் வச்சிருக்காங்க, அதோட சாமானைத்தான் கடைக்காரர் வாங்கி வைப்பார். ஜான்சனையும் எவின்ரூடையும் செஞ்ச ஓ.எம்.சி கம்பெனி 2000 கடைசியில் திவாலாச்சு. 2001ல் பொம்பார்டியர் வாங்கி நடத்தினாங்க. 2020ல் எவின்ரூட் என்ஜின் செய்வதையே நிறுத்திட்டாங்க.

அப்புறம் ஆன்லைனில் தேடினேன். பெட்ரோல் பம்பு படம் நம்ம பம்பு மாதிரியே இருந்தது. ஆர்டர் பண்ணேன். வந்ததைப் பொருத்திப் பார்த்தா போல்ட் ஓட்டை அரை விரல் தள்ளி இருக்கு. படத்தைப் பார்த்துப் பொண்ணு எடுத்த கதைதான்.

சரி, போன வருஷம் நம்மைக் கரைசேர்த்த அந்த மீனவர் பாக் சிக்கிடமே போனேன். அவர் முதல்ல கேட்டது, "நம்பர் என்ன?" எனக்கு எந்த நம்பர் என்றே தெரியாது. படகில் மாட்டும் தாங்கியின் பக்கத்தில் ஒரு தகடு இருக்கும், அதில் மாடல் நம்பர் இருக்கும் என்றார். போய்ப் பார்த்தா தகடே காணோம்! வருஷா வருஷம் திருவிழாவுக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கும்போது தகட்டுக்கும் சேர்த்து அடிச்சிருக்கோம், அது மேல குங்குமம் வேற. தின்னர் போட்டு அரை மணி நேரம் தேய்ச்சேன். எழுத்து வந்தது.

அந்த எழுத்துக்குள்ளே வருஷம் ஒளிஞ்சிருக்கு. 1980க்குப் பிறகு வந்த ஜான்சன், எவின்ரூட் என்ஜின்களில் 'இன்ட்ரொடியூசஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை வச்சு வருஷத்தைக் குறிச்சிருக்காங்க. பத்து எழுத்து. முதல் எழுத்து 1, அடுத்தது 2, கடைசி எழுத்து 0. நம்ம தகட்டில் இருந்தது சி, ஈ. எட்டாவது, ஒன்பதாவது எழுத்து. அப்போ 1989. என் மனைவியை விட இரண்டு வயசு மூத்த என்ஜின்.

நம்பர் கிடைச்ச பிறகு வேலை சுலபமாச்சு. சியரா மாதிரி வேற கம்பெனிகள் இந்தப் பழைய என்ஜின்களுக்கு இன்னும் சாமான் செய்யறாங்க. பினாங்கில் ஒரு கடை மூலமா கார்புரேட்டர் கிட், பம்புக்கு உள்ளே போடும் ரப்பர் சவ்வு, கேஸ்கட் எல்லாம் மூணு வாரத்தில் வந்து சேர்ந்தது.

பாக் சிக் வீட்டுத் திண்ணையில் வச்சுக் கழட்டினோம். கார்புரேட்டருக்குள்ளே பழுப்பு நிறத்தில் கோந்து மாதிரி படிஞ்சிருந்தது. மாசி மகம் முடிஞ்சதும் பெட்ரோலை அப்படியே விட்டுட்டு அடுத்த மாசி வரைக்கும் திரும்பிப் பார்க்க மாட்டோம் இல்லையா, அதோட பலன். பம்பு சவ்வு காய்ஞ்ச அப்பளம் மாதிரி விறைச்சுப் போயிருந்தது. இது மெதுவா வளர்கிற நோய். ஆனா பாக் சிக் இதோட விடல. டாங்கிலிருந்து என்ஜினுக்கு வர்ற மூன்றடிக் குழாயை எடுத்து, நடுவில் இருக்கும் ரப்பர் பந்தை அமுக்கிப் பார்த்தார். கிளிப் போட்ட இடத்தில் தலைமுடி அளவு கீறல், அதிலிருந்து பெட்ரோல் சொட்டு சொட்டா வந்தது.

கையால் அமுக்கினால்தான் அது வெளியே வரும். என்ஜின் ஓடும்போது பம்பு உறிஞ்சும், அப்போ அந்தக் கீறல் வழியா காற்று உள்ளே போகும். கரையில் கட்டி வச்சு ஓட்டினா ஒண்ணும் தெரியாது. பின்னால தெப்பத்தோட கனம் சேர்ந்ததும் என்ஜின் நிறைய பெட்ரோல் கேட்கும், காற்றுதான் போகும்.

அந்தக் குழாயை வாங்கினவன் நான். இரண்டு வருஷத்துக்கு முன்னால, பெட்ரோலுக்குன்னு உள்ள படகுக் குழாய் விலை கூடன்னு ஹார்டுவேர் கடையில் தண்ணிக்குப் போடுற கண்ணாடிக் குழாயை வாங்கி மாட்டினேன். பெட்ரோல் பட்டால் அது விறைச்சு வெடிக்கும்னு தெரியாது. மிச்சம் பிடிச்சது 15 ரிங்கிட்.

அன்னிக்கு ராத்திரி போனில் இருந்த திருவிழா வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். தாத்தா குனிஞ்சிருக்காரு. "கைய விட்டுட்டாரு"ன்னு நாம சொன்ன இடம். அவர் விடல. ஒரு கை சுக்கானில், இன்னொரு கை ரப்பர் பந்தை விடாம அமுக்கிக்கிட்டே இருக்கு. அவர் அமுக்கினதாலதான் அந்த 200 மீட்டரே போச்சு. அதைவிடப் பெரிய விஷயம், அமுக்கும்போது பெட்ரோல் வெளியே சொட்டும்னு சொன்னேனே, அதே படகில் ரெண்டடி தள்ளிக் கற்பூரத் தட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்தது. வீடியோவை அங்கேயே நிறுத்திட்டேன்.

மறுநாள் குழாய்த் துண்டை எடுத்துக்கிட்டு தாத்தா வீட்டுக்குப் போனேன். கையில் வாங்கி வளைச்சாரு, பட்டுன்னு ஒடிஞ்சது.

"யாருப்பா வாங்குனது?"

"நான்தான் தாத்தா."

ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. பாட்டி தேத்தண்ணி கொண்டு வந்து வச்சாங்க. அப்புறம் கேட்டாரு, "புதுசு மாட்டிட்டியா? 20 லிட்டருக்கு எண்ணெய் எவ்ளோ கலந்தே?"

"400 மில்லி."

"சரியா இருக்கு."

போன ஞாயிற்றுக்கிழமை வெறும் தெப்பத்தைக் கட்டி ஒரு மணி நேரம் இழுத்துப் பார்த்தோம். தாத்தாதான் ஓட்டினாரு. பந்தைத் தொடவே இல்லை.

மொத்தச் செலவு 436 ரிங்கிட், தப்பா வாங்கின பம்பையும் சேர்த்து. பம்பு காசும் குழாய் காசும் என்னுடையது. மீதிக்கான ரசீது அலுவலகத்தில் இருக்கு.

இந்த வருஷம் இழுக்கிற படகில் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எதுவும் கிடையாது. ஆரத்தி எல்லாம் தெப்பத்தில் மட்டும். குருக்களிடம் பேசியாச்சு. பூ அலங்காரம் செய்யும் அக்காமார்கள், பெட்ரோல் டாங்கு மூடி மேல இருக்கும் காற்றுத் திருகைச் சரம் போட்டு மூடிடாதீங்க. அது அடைச்சாலும் என்ஜின் நிற்கும். திருவிழா முடிஞ்ச மறுநாள் பெட்ரோலை வடிக்க இரண்டு இளைஞர்கள் வேணும், பேர் கொடுங்க.

தாத்தா காலையில் ஏழு மணிக்கே ஜெட்டிக்கு வந்திடுவாரு. போன வருஷம் பேசினவங்க அதுக்கு முன்னாடியே வந்திருங்க. நானும் இருப்பேன்.